2019-க்கு அப்புறம் என்ன செய்தீர்கள்?

2022 அக்டோபர். பெருங்குடியில் ஒரு அலுவலகத்தின் ஐந்தாவது மாடி. எதிரே இரண்டு பேர் உட்கார்ந்திருந்தார்கள். ஒருவர் என் ரெஸ்யூமேயை லேப்டாப்பில் மேலிருந்து கீழே நகர்த்திக்கொண்டே வந்தார், நிறுத்தினார், மறுபடி மேலே போனார். "2019 ஜூலையோட நிக்குதே. அதுக்கப்புறம் என்ன பண்ணீங்க?"

அவர் குரலில் குத்தல் ஏதும் இல்லை. தேதி விட்டுப் போயிருந்தது, கேட்டார், அவ்வளவுதான். நான் சொன்ன முதல் வார்த்தை "சாரி சார்". அப்புறம் அப்பாவுக்குப் பக்கவாதம் வந்ததிலிருந்து ஆரம்பித்தேன். கும்பகோணம், ஆம்புலன்ஸ், தஞ்சாவூர், ஐ.சி.யு., மூக்கில் டியூப் வழியாகச் சாப்பாடு, கொரோனா, மகளின் ஆன்லைன் வகுப்பு என்று போய்க்கொண்டே இருந்தேன். எங்கே நிறுத்துவது என்று தெரியவில்லை. நடுவில் தொண்டை அடைத்துக்கொண்டது. பக்கத்தில் இருந்த பெண் தண்ணீர் பாட்டிலைத் திறந்து என் பக்கம் நகர்த்தினார். அதற்குப் பிறகு என் தொழிலான சாஃப்ட்வேர் டெஸ்டிங் பற்றி இரண்டே கேள்விதான் கேட்டார்கள். இரண்டும் ஃப்ரெஷரிடம் கேட்கிற கேள்விகள். என்னைக் கஷ்டப்படுத்த வேண்டாம் என்று நினைக்கிறார்கள் என்பது அந்த நிமிடமே புரிந்துவிட்டது.

கீழே இறங்கி வந்து ஷேர் ஆட்டோவுக்காக நின்றபோது வேலை கிடைக்காதது பற்றிக்கூட எனக்குப் பெரிய வருத்தம் இல்லை. ஒன்பது வருடம் வேலை பார்த்தவள் நான். பணப் பரிமாற்ற ஆப்களில் நான் கண்டுபிடித்த கோளாறுகள் எத்தனையோ. அதில் ஒன்றைப் பற்றிக்கூட அந்த அறையில் பேச்சு வரவில்லை. வேலைக்கு வந்தவளாக உள்ளே போனேன், ஆறுதல் வாங்கிக்கொண்டு வெளியே வந்தேன்.

அதற்கப்புறம் நான் கற்றுக்கொண்டதைத்தான் இங்கே எழுதுகிறேன். சித்தி மகள், பழைய டீம் தோழிகள், மகளின் பள்ளி வாட்ஸ்அப் குழுவில் இருக்கும் அம்மாக்கள் என்று இதுவரை ஏழெட்டுப் பேர் இதே கேள்வியோடு என்னிடம் வந்துவிட்டார்கள். ஒவ்வொருவரிடமும் போனில் துண்டு துண்டாகச் சொன்னது ஒரே இடத்தில் இருக்கட்டும்.

*

நான் வேலையை விட்டது எப்படி என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன்.

அப்பா தபால் துறையில் சப் போஸ்ட் மாஸ்டராக இருந்து ஓய்வு பெற்றவர். 2019 ஏப்ரலில் ஒரு காலை, பல் துலக்கிக்கொண்டிருந்தபோது விழுந்தார். வலது கை, வலது கால் வரவில்லை. பேச்சும் போயிற்று. அம்மாவுக்கு முட்டி வலி, அவரைத் தூக்கி உட்காரவைக்க முடியாது. அண்ணன் வெளிநாட்டில். இருந்த லீவு எல்லாம் ஐந்து வாரத்தில் தீர்ந்தது. சம்பளமில்லா விடுப்பு இரண்டு வாரம் கொடுத்தார்கள். அதற்கு மேல் என்ன செய்வது என்று மேலாளருக்கும் தெரியவில்லை, எனக்கும் தெரியவில்லை. ராஜினாமா எழுதிக் கொடுத்தேன். 90 நாள் நோட்டீஸைக் குறைத்து ஜூலை கடைசியோடு விடுவித்தார்கள்.

என் மகள் பிறந்தபோது சட்டம் எனக்கு 12 வார விடுப்புதான் தந்தது. 2017-இல் அது 26 வாரம் ஆயிற்று. தமிழக அரசு ஊழியர்களுக்கு 2021-இலிருந்து 12 மாதம். இதெல்லாம் பெரிய விஷயம், குறைத்துச் சொல்ல மாட்டேன். ஆனால் படுத்துவிட்ட அப்பாவைப் பார்த்துக்கொள்ள ஒரு தனியார் நிறுவன ஊழியருக்கு அப்படி ஒரு விடுப்பு சட்டத்தில் கிடையாது. குழந்தைக்காகவோ பெற்றோருக்காகவோ வேலையை விடும் எத்தனையோ பேர், வேலை பிடிக்காமல் விட்டவர்கள் இல்லை. விடுப்பு போதாமல் விட்டவர்கள்.

கும்பகோணத்தில் வீட்டில் ஒரு நூறு பக்க நோட்டு போட்டேன். இடது பக்கம் நேரம், வலது பக்கம் நடந்தது. காலை 6 மணி பி.பி. அளவு. 6.30 டியூப் வழியாகக் கஞ்சி 200 மில்லி. இரண்டு மணி நேரத்துக்கு ஒரு தடவை புரட்டிப் படுக்கவைத்தது, எந்தப் பக்கம் என்பதோடு. இல்லாவிட்டால் முதுகில் படுக்கைப் புண் வந்துவிடும். அந்த மாதிரி ஐந்து நோட்டு இப்போதும் பரணில் இருக்கிறது.

பேச்சுதான் ரொம்ப நாள் வம்பு செய்தது. மூளையின் இடது பக்கம் அடிபட்டால் வலது கை கால் போவதோடு பல பேருக்கு வார்த்தைகளும் போய்விடும். அப்பாவுக்கு எல்லாம் புரியும், ஆனால் வாயில் ஒரே ஒரு வார்த்தைதான் வரும்: "சாவி". தண்ணீர் வேண்டுமானாலும் சாவி, வலித்தாலும் சாவி, பேத்தியைப் பார்த்துச் சிரித்தாலும் சாவி. பேச்சுப் பயிற்சி கொடுக்க வந்த பெண் எனக்கு மூன்று விஷயம் சொல்லிக் கொடுத்தார். சின்ன வாக்கியமாகப் பேசுங்கள். ஒரு நேரத்தில் ஒரு விஷயம் மட்டும். சொல்லி முடித்ததும் நிறுத்துங்கள், அவர் பதில் சொல்ல அவகாசம் கொடுங்கள். இதை மூன்று வருடம் தினமும் செய்தேன். பெருங்குடியில் அந்த அறையில் உட்கார்ந்திருந்தபோது மட்டும் இது எனக்கு ஞாபகத்துக்கே வரவில்லை.

*

2022 வாக்கில் அப்பா கைத்தடியோடு நடந்தார். நாலைந்து வார்த்தை சேர்த்துப் பேசினார். பெற்றோரை மடிப்பாக்கத்தில் எங்கள் வீட்டுக்கே அழைத்து வந்துவிட்டோம். பகலில் பார்த்துக்கொள்ள ஓர் அம்மா வந்தார். நான் ரெஸ்யூமேயைத் தூசி தட்டினேன்.

வீட்டுக்கு வரும் உறவினர்கள் கேட்பார்கள்: "இப்போ சும்மாதான இருக்க?" நானும் "ஆமா, சும்மாதான் இருக்கேன்" என்பேன். வேலைக்குப் போகாத பெண்கள் எல்லோரும் சொல்கிற பதில் அது. இரண்டு மணி நேரத்துக்கு ஒரு தடவை ஒரு மனிதரைப் புரட்டிப் படுக்கவைத்தவள் சும்மா இருந்தேன் என்கிறாள். பல வருடம் அதையே சொல்லிச் சொல்லி நமக்கே அது உண்மையாகத் தோன்ற ஆரம்பித்துவிடுகிறது. ரெஸ்யூமேயில் அந்த மூன்று வருடத்தை நான் வெற்றாக விட்டதற்குக் காரணம் இதுதான் என்று நினைக்கிறேன். மறைக்க வேண்டும் என்று திட்டம் போடவில்லை. எழுத அங்கே ஒன்றும் இல்லை என்று உண்மையிலேயே நம்பினேன்.

ஆலோசனைகளுக்குக் குறைவே இல்லை. மாதத்தை எடுத்துவிட்டு வருடத்தை மட்டும் போடு என்றாள் ஒருத்தி. அதனால் என்ன லாபம், 2019-க்கும் 2022-க்கும் நடுவே மூன்று வருடம் அப்படியே தெரிகிறதே. ஃப்ரீலான்ஸ் என்று போடு என்றாள் இன்னொருத்தி. எந்த கிளையன்ட் என்று கேட்டால்? பழைய தோழி ஒருத்தியின் உறவினர், ஒரு கன்சல்டன்சியின் எண்ணைக் கொடுத்தார். பணம் கட்டினால் மூன்று வருட அனுபவச் சான்றிதழ், பே ஸ்லிப், ரிலீவிங் லெட்டர் எல்லாம் தருவார்களாம். போனில் பேசிய ஆள் ரொம்ப சாதாரணமாக, "எந்த டொமைன் மேடம் வேணும், பேங்கிங்கா, ஹெல்த்கேரா?" என்று கேட்டார். போனை வைத்துவிட்டேன்.

இந்த வழியில் போக நினைப்பவர்களுக்கு ஒன்று சொல்ல வேண்டும். பி.எஃப். பிடிக்கும் கம்பெனியில் வேலை பார்த்தவர்களுக்கு யு.ஏ.என். என்ற பி.எஃப். கணக்கு அடையாள எண் இருக்கும். 2014-இலிருந்து ஒரு ஆளுக்கு ஒரே எண். எந்தக் கம்பெனியில் எந்தத் தேதியில் சேர்ந்தோம், எந்தத் தேதியில் விலகினோம் என்பது பி.எஃப். தளத்தில் சர்வீஸ் ஹிஸ்டரியாக வரிசையாக நிற்கும். ஆஃபர் கொடுத்த பிறகு பேக்ரவுண்ட் வெரிஃபிகேஷன் செய்பவர்கள் பல இடங்களில் அதைத்தான் முதலில் கேட்கிறார்கள். சில பேர் வரித்துறையின் 26ஏஎஸ் படிவத்தையும் கேட்கிறார்கள், அதில் யார் நமக்குச் சம்பளம் கொடுத்து வரி பிடித்தார்கள் என்பது இருக்கும். எனக்குத் தெரிந்த ஒரு பெண் அப்படிப் போலி அனுபவம் காட்டிச் சேர்ந்து ஐந்து மாதம் ஆனபின் இதில் மாட்டினாள். நல்ல வேலைக்காரி. வேலையில் விழுந்த இடைவெளி, அந்த கேப், அவளைக் கெடுக்கவில்லை. இரண்டு வருடம் குழந்தையோடு இருந்தேன் என்று நேராகச் சொல்லியிருந்தாலே அந்த வேலை கிடைத்திருக்கும், ஏனென்றால் டெக்னிக்கல் ரவுண்டில் முதலாவதாக வந்தவள் அவள்தான்.

*

சரி, என்ன எழுதுவது?

அந்தக் காலத்தையும் ஒரு வேலை மாதிரியே, வரிசையில் அது வரவேண்டிய இடத்திலேயே, மாதம் வருடத்தோடு எழுதுங்கள். கடைசிப் பக்கத்தின் அடியில் சின்ன எழுத்தில் போட வேண்டாம். கவர் லெட்டரில் விளக்கிக்கொள்ளலாம் என்றும் விடவேண்டாம், கவர் லெட்டரை யாரும் படிப்பதாகத் தெரியவில்லை. என்னுடையது கடைசியில் இப்படி நின்றது:

"2019 ஆகஸ்ட் – 2023 பிப்ரவரி: குடும்பப் பராமரிப்புக்கான இடைவேளை. பக்கவாதம் வந்த தந்தையின் முழுநேரப் பராமரிப்பு. அந்தப் பொறுப்பு இப்போது முடிந்துவிட்டது. 2022 ஜூன் முதல்: பிளேரைட், ஏ.பி.ஐ. டெஸ்டிங் பயிற்சி, மாதிரி பேமெண்ட் ஆப் ஒன்றுக்கு எழுதிய 140 டெஸ்ட்கள் கிட்ஹப்பில்."

(பிளேரைட், வெப் ஆப்களைத் தானாகச் சோதிக்க உதவும் கருவி. ஏ.பி.ஐ., ஆப்கள் ஒன்றோடொன்று பேசிக்கொள்ளும் வழி. கிட்ஹப், எழுதிய கோடை மற்றவர்கள் பார்க்க வைக்கும் தளம்.) இதில் "முடிந்துவிட்டது" என்ற வார்த்தைக்காக ஒரு வாரம் யோசித்தேன். அப்பா கண்ணெதிரே உட்கார்ந்திருக்கிறார், பராமரிப்பு எப்படி முடியும்? ஆனால் படிப்பவருக்குத் தெரிய வேண்டியது அதுதான். நாளை காலை ஒன்பது மணிக்கு இவள் வருவாளா, ஆறு மாதத்தில் மறுபடி போய்விடுவாளா? அதற்குப் பதில் இல்லாத வரியை எவ்வளவு அழகாக எழுதியும் பயன் இல்லை.

அப்புறம், அப்பாவின் நோய் என்னுடையது அல்ல, அவருடையது. ஊர் பேர் தெரியாத ஐம்பது ஹெச்.ஆர்.களின் மேஜைக்கு அது போகப் போகிறது. அதனால் அவரிடமே கேட்டேன். பக்கத்தில் உட்கார்ந்து, சின்னச் சின்ன வாக்கியமாக. "அப்பா, வேலைக்கு எழுதறேன். உங்களப் பாத்துக்கிட்டேன்னு எழுதணும். எழுதவா?" ரொம்ப நேரம் என்னையே பார்த்தார். பிறகு இடது கையால் மேஜையைத் தட்டி, "உண்மைதானம்மா... எழுது" என்றார். நீளமான ஒரு வார்த்தையைச் சொல்லவே சிரமப்படுகிறவர், "உண்மைதானம்மா" என்று முழுதாகச் சொன்னார். வீட்டில் யாருக்காவது உடம்பு சரியில்லாமல் போய் வேலையை விட்டவர்கள் இப்படி ஒரு வார்த்தை கேட்டுக்கொள்வது நல்லது. அவர் வேண்டாம் என்றிருந்தால் "குடும்பப் பராமரிப்பு" என்பதோடு நிறுத்தியிருப்பேன். அதுவே போதும், நோயின் பெயர் யாருக்கும் தேவையில்லை. உங்களுக்கே உடம்போ மனமோ சரியில்லாமல் போய் விட்டிருந்தாலும் இதேதான். "உடல்நலக் காரணம், இப்போது முழுமையாகத் தேறிவிட்டேன்" என்பதற்கு மேல் ஒரு வார்த்தைகூட நீங்கள் சொல்லக் கடமைப்பட்டவர் இல்லை.

லிங்க்ட்இன் 2022 மார்ச்சில் இடைவேளையைப் பதிவு செய்யத் தனி இடம் கொடுத்தது. பராமரிப்பு, முழுநேரப் பெற்றோர், உடல்நலம், இழப்புத் துயர், வேலை நீக்கம், இடமாற்றம் என்று 13 வகை வைத்திருக்கிறார்கள். அதை முதல் தடவை பார்த்தபோது எனக்குப் பெரிய நிம்மதியாக இருந்தது. பெட்டிக்கு ஒரு பெயர் இருக்கிறது என்றால் இதே பெட்டியைத் தேடிக்கொண்டு நிறைய பேர் இருக்கிறார்கள் என்றுதானே அர்த்தம். ரெஸ்யூமேயில் இருக்கும் தேதியும் அங்கே இருக்கும் தேதியும் ஒன்றாக இருக்கும்படி மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள்.

ஒரு விஷயத்தில் எனக்குப் பல பேரோடு ஒத்துப்போகவில்லை. வீட்டைப் பார்த்துக்கொண்டதை "இல்லத் தலைமை நிர்வாகி" என்றும், "பல தரப்பினரை ஒருங்கிணைத்தேன், பட்ஜெட் நிர்வகித்தேன்" என்றும் எழுதச் சொல்லும் வழக்கம் இப்போது பெருகியிருக்கிறது. எழுதிக் கொடுக்கிறவர்கள் நல்ல எண்ணத்தில்தான் சொல்கிறார்கள். ஆனால் எனக்கு அது அப்பாவைச் சிறுமைப்படுத்துவது மாதிரி இருக்கிறது. அவரை நான் புராஜெக்டாகப் பார்த்துக்கொள்ளவில்லை, அப்பாவாகப் பார்த்துக்கொண்டேன். அதற்கு ஆபீஸ் சட்டை போட்டுவிட்டால்தான் மதிப்பு என்றால், அதுவும் "சும்மா இருந்தேன்" என்று சொல்வது மாதிரிதான். பராமரித்தேன் என்றால் பராமரித்தேன். அந்த வார்த்தை தானாகவே நிற்கும்.

*

இடைவேளையை விடப் பெரிய கேள்வி ஒன்று இருக்கிறது, அதை யாரும் வாய்விட்டுக் கேட்பதில்லை. இவளுக்கு இப்போதும் வேலை தெரியுமா? இதற்குத்தான் நேரத்தைச் செலவழிக்க வேண்டும். இடைவேளைக்கான விளக்கத்தை மெருகேற்றுவதில் நான் வீணடித்த வாரங்களை இதில் போட்டிருந்தால் மூன்று மாதம் முன்னாலேயே வேலை கிடைத்திருக்கும்.

நான் விட்டுப் போனபோது எங்கள் டீமில் செலினியம் என்ற சோதனைக் கருவியின் 3-ஆம் பதிப்பு ஓடிக்கொண்டிருந்தது. திரும்பி வந்தபோது செலினியம் 4 வந்து ஒரு வருடம் ஆகியிருந்தது. மைக்ரோசாஃப்ட் 2020-இல் வெளியிட்ட பிளேரைட்டைப் பாதிக் கம்பெனிகள் கேட்டன. அதை விட முக்கியமாக, நான் சோதித்த துறையே மாறியிருந்தது. 2020 ஜூலையில், மாதாமாதம் கட்டுவதைத் தானாகவே கட்டிவிடும் யு.பி.ஐ. ஆட்டோபே வந்துவிட்டது. 2022 செப்டம்பரில், சின்னத் தொகைகளைப் பின் எண் போடாமலே அனுப்பும் யு.பி.ஐ. லைட் வந்தது. கருவியைக் கற்றுக்கொள்ள யூடியூப் போதும். ஆனால் துறையில் இந்த இடைவெளியில் என்னென்ன மாறியது என்று உட்கார்ந்து ஒரு பட்டியல் போட்டதுதான் எனக்குக் கைகொடுத்தது. அப்பா தூங்கும் மதிய வேளையில், நோட்டின் மீதிப் பக்கங்களிலேயே எழுதினேன்.

2023 பிப்ரவரியில் நடந்த இன்டர்வியூவில் அந்தக் கேள்வி மறுபடி வந்தது. இந்தத் தடவை நான் தயாராக இருந்தேன். தயாரித்த விதத்தைச் சொல்கிறேன். எங்கள் இன்டர்வியூ எல்லாம் ஆங்கிலத்தில்தான் நடக்கும், இருந்தாலும் பதிலை முதலில் தமிழில் சொல்லிப் பார்த்தேன். கேட்க உட்கார்ந்தவர் அப்பா. நீளமாகப் போனால் அவருக்குப் பின்தொடர முடியாது, இடது கையைத் தூக்கிவிடுவார். அவர் கை தூக்காமல் முடிந்த நாளில் அது மூன்று வாக்கியமாக இருந்தது.

"அப்பாவுக்குப் பக்கவாதம் வந்ததால் 2019-இல் வேலையை விட்டு அவரைப் பார்த்துக்கொண்டேன். இப்போது அவர் தேறிவிட்டார், பகலில் பார்த்துக்கொள்ள ஆள் இருக்கிறார், நான் முழுநேரம் வரலாம். எட்டு மாதமாக பிளேரைட்டில் ஒரு பேமெண்ட் ஆப்புக்கு டெஸ்ட் எழுதிக்கொண்டிருக்கிறேன், காட்டட்டுமா?"

அப்புறம் வாயை மூடிக்கொள்ள வேண்டும். அதுதான் கஷ்டம். எதிரே இருப்பவர் இரண்டு விநாடி சும்மா இருந்தால் நமக்குப் பதறும், இன்னும் நாலு விளக்கம் அள்ளிப் போடத் தோன்றும். சொல்லி முடித்ததும் நிறுத்துங்கள், அவகாசம் கொடுங்கள் என்று பேச்சுப் பயிற்சிக்காரர் சொன்னதை நினைத்துக்கொண்டு நிறுத்தினேன்.

ஆங்கிலத்துக்கு மாற்றியபோது ஒரு வார்த்தையை மட்டும் வெட்டினேன்: "அன்ஃபார்ச்சுனேட்லி". எதைச் சொன்னாலும் அது முதலில் வந்து நிற்கும். "அன்ஃபார்ச்சுனேட்லி ஐ ஹேட் டு..." என்று தொடங்கினாலே கேட்பவர் முகம் இரக்கத்துக்குத் தயாராகிவிடும். அப்பாவைப் பார்த்துக்கொண்டது என் துரதிர்ஷ்டம் இல்லை. அதற்காக மன்னிப்புக் கேட்கவும் வேண்டியதில்லை.

அந்த இன்டர்வியூவில் எதிரே இருந்தவர் தலையாட்டிவிட்டு, "சரி, யு.பி.ஐ. லைட்டை உங்க கிட்ட குடுத்தா எங்கிருந்து ஆரம்பிப்பீங்க?" என்றார். என் உடம்பே நிமிர்ந்தது. அப்போது ஒரு தடவைக்கு 200 ரூபாய், மொத்த இருப்பு 2,000 ரூபாய் என்று வரம்பு. 199, 200, 201 என்று தொடங்கினேன். இருப்பு 1,950 இருக்கும்போது 100 ரூபாய் ஏற்றினால் என்ன ஆக வேண்டும்? பின் எண் கேட்காத பரிமாற்றம், அப்படியானால் போன் தொலைந்தால்? போனை மாற்றினால் பழைய போனில் இருக்கும் பணம் கணக்குக்கு எப்படித் திரும்பும்? பணம் போகும் நொடியில் நெட் துண்டித்தால் இருப்பை யார் சொல்வதை நம்புவது, ஆப்பையா, வங்கியையா? அவர் இடைமறித்துத் தகராறு செய்தார், நானும் விடவில்லை. நாற்பது நிமிடம். அந்த நாற்பது நிமிடத்தில் என் இடைவேளை பற்றி இருவருக்குமே ஞாபகம் இல்லை.

ஹெச்.ஆர். ரவுண்டில் ஒரு கேள்வி வந்தது: "அடுத்த குழந்தை பிளான் ஏதாவது இருக்கா மேடம்?" இது கேட்கக்கூடாத கேள்வி என்பது என் உறுதியான எண்ணம். என் கணவரிடம் இதுவரை எந்த இன்டர்வியூவிலும் யாரும் இதைக் கேட்டதில்லை. சண்டை போடலாம், எழுந்து வரலாம், இரண்டும் நியாயம்தான். எனக்கு வேலை தேவைப்பட்டது. "இந்த வேலையில் நீண்ட காலம் இருக்கத்தான் வருகிறேன்" என்று மட்டும் சொன்னேன். கேள்விக்குள் ஒளிந்திருந்த கவலைக்குப் பதில் சொல்லிவிட்டு, கேள்விக்குச் சொல்லாமல் விட்டேன்.

சம்பளம். 2019-இல் வாங்கியதை விடக் குறைத்துத்தான் முதலில் சொன்னார்கள், கேப்பைக் காரணம் காட்டி. ஒன்பது வருட அனுபவம் அப்படியே இருக்கிறது, டெக்னிக்கல் ரவுண்டில் அதைத்தான் பார்த்தீர்கள் என்றேன். பழைய சம்பளத்துக்கு வந்து நின்றார்கள். வாங்கிக்கொண்டேன். ஒரு வருடம் கழித்து மறு ஆய்வு என்று ஆஃபர் லெட்டரில் எழுதித் தரச் சொன்னேன், தந்தார்கள். வாய்வார்த்தையாக விட்டிருந்தால் நடந்திருக்காது. "கிடைத்ததே பெரிது" என்ற மனநிலையில் கையெழுத்துப் போடாதீர்கள். அந்தக் குறைவு அடுத்த ஒவ்வொரு ஹைக்கிலும் கூடவே வரும்.

திரும்பி வருபவர்களுக்கென்றே தனி வழிகளும் இருக்கின்றன. டாடா குழுமம் 2008-லேயே பெண்களின் இரண்டாவது பணிவாழ்வுக்கு ஒரு பயிற்சித் திட்டம் தொடங்கியது. டி.சி.எஸ். "ரீபிகின்" என்றும், இன்ஃபோசிஸ் "ரீஸ்டார்ட்" என்றும் வைத்திருக்கின்றன. இதையே தன் முழு வேலையாக எடுத்துக்கொண்ட சௌந்தர்யா ராஜேஷின் அவதார் நிறுவனம் 2000-இல் தொடங்கியது நம் சென்னையில்தான். விண்ணப்பிக்கும்போது ஒன்றை மட்டும் கேட்டுக்கொள்ளுங்கள்: பயிற்சி முடிந்தபின் நிரந்தர வேலை உறுதியா, பழைய அனுபவத்தைக் கணக்கில் எடுப்பார்களா? இரண்டுக்கும் தெளிவான பதில் வராத இடத்தில் பொதுவழியில் விண்ணப்பிப்பதே மேல்.

*

இந்தத் திட்டங்களில் பெரும்பாலானவை பெண்களுக்கு. அதில் நியாயம் இருக்கிறது. 2019-இல் மத்திய அரசு எடுத்த நேரப் பயன்பாட்டுக் கணக்கெடுப்பில், வீட்டு வேலை செய்யும் பெண்கள் அதற்கு ஒரு நாளில் 299 நிமிடம் கொடுக்கிறார்கள், ஆண்களில் வீட்டு வேலை செய்பவர்கள் 97 நிமிடம் கொடுக்கிறார்கள் என்று வந்தது. ஆனால் இடைவேளை எடுத்த ஆண்களுக்கு வேறொரு கஷ்டம் இருக்கிறது என்பது எனக்குப் போன வருடம்தான் தெரிந்தது.

இப்போது நானும் சில நாள் மேஜையின் அந்தப் பக்கம் உட்காருகிறேன். ஒரு பையன் வந்தான், ஆறு வருட அனுபவம். ரெஸ்யூமேயில் கடைசி 14 மாதம் "ஃப்ரீலான்ஸ் கன்சல்டன்ட்". என்ன புராஜெக்ட் என்று கேட்டேன். ஏதோ வெப்சைட் என்றான். எத்தனை பேர் டீம்? நான் மட்டும் என்றான். எந்தக் கருவி? கண்ணை மேஜைக்குத் தாழ்த்திக்கொண்டான். காது மடல் சிவந்துவிட்டது. கூட இருந்தவர் அடுத்த கேள்விக்குப் போகலாம் என்று என்னைப் பார்த்தார்.

"தம்பி, அந்த 14 மாசம் உண்மையில என்ன பண்ணீங்க? எதுவா இருந்தாலும் பரவாயில்ல" என்றேன்.

கொஞ்ச நேரம் ஒன்றும் பேசவில்லை. நானும் பேசவில்லை, காத்திருந்தேன்.

"அம்மாவுக்கு கேன்சர் மேடம். அடையாறுல ட்ரீட்மென்ட். நான்தான் கூட இருந்தேன், வேற யாரும் இல்ல." நிறுத்தினான். "பொம்பளப் புள்ளைங்கன்னா வீட்டப் பாத்துக்கிட்டேன்னு சொல்லலாம். நான் சொன்னா வேலவெட்டி இல்லாம இருந்தான்னு நினைப்பாங்கன்னு..."

அம்மா இப்போது எப்படி இருக்கிறார் என்று கேட்டேன். நன்றாக இருக்கிறார், ஆறு மாதத்துக்கு ஒரு தடவை செக்கப் என்றான். லேப்டாப்பை அவன் பக்கம் திருப்பி, எங்கள் ஆப்பின் லாகின் பக்கத்தைத் திறந்து, இதை எப்படிச் சோதிப்பாய் என்று கேட்டேன். முதல் ஐந்து நிமிடம் குரல் நடுங்கியது. அப்புறம் நாற்காலியை மேஜைக்கு அருகே இழுத்துப் போட்டுக்கொண்டான்.

அவன் இப்போது என் டீமில்தான் இருக்கிறான். இதை எழுதலாமா என்று கேட்டேன், எழுதுங்கள் அக்கா என்றான். தேர்வானதைச் சொல்லும்போதே, வெரிஃபிகேஷனுக்குப் போகும் முன் அந்த வரியை மாற்றி அனுப்பச் சொல்லியிருந்தேன். அன்று இரவே அனுப்பினான். "ஃப்ரீலான்ஸ் கன்சல்டன்ட்" இருந்த இடத்தில் "தாயின் சிகிச்சைக் காலத்தில் முழுநேரப் பராமரிப்பு" என்று இருந்தது. மாதமும் வருடமும் சரியாகப் போட்டிருந்தான்.